கோச்சி பிந்தினால்: முதன்முறை கொழும்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு

மட்டக்களப்பு நிலையத்தில் புதுப் பையோடு நிற்கிற பிள்ளைகளை இப்போதும் அடிக்கடி காண்கிறேன். பல்கலைக்கழக அனுமதி கிடைத்தவர், நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர், தாயை மகரகம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர் என்று பலர். “ஐயா, கோச்சி எத்தனை மணிக்குக் கொழும்பு போகும்?” என்று கேட்பார்கள். அட்டவணையில் எழுதியிருக்கிற நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வராது. என் வேலைக் காலம் முழுவதும் இந்தப் பாதையில் போய் வந்தவன் நான். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது சரியில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் கோச்சி பிந்தும். அதற்குப் பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும், அந்தக் காரணத்தை அறிந்துகொள்ள உங்களுக்கு உரிமையும் இருக்கிறது. கீழே உள்ளவற்றை இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. கொழும்பில் நேரம் குறித்த அலுவல் எதுவாக இருந்தாலும் முதல் நாளே போய்ச் சேருங்கள். இரவு கோச்சியில் போய், காலையில் கோட்டையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு ஒன்பது மணி நேர்முகத்துக்குப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். விமானம் பிடிக்கக் கட்டுநாயக்கவுக்குப் போகிறவர்களும் இதைக் கேட்க வேண்டும். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிற எங்கள் பெண்கள் பலர், கடன்பட்டு வாங்கிய டிக்கட்டோடுதான் புறப்படுகிறார்கள். ஓர் இரவு உறவினர் வீட்டில் தங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

2. இந்தப் பாதை ஏன் பிந்துகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். விளங்கினால் பாதிக் கோபம் குறையும். கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 350 கிலோமீற்றர். மாகோவில் வடக்கே போகிற பாதையை விட்டுப் பிரிகிறோம். கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைப் பாதையும் பிரிந்து போகிறது. பிறகு மின்னேரியா, ஹிங்குராக்கொடை, பொலன்னறுவை, மனம்பிட்டி, வெலிக்கந்தை, புனாணை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று எங்கள் வாவிக்கரைக்கு வந்து முடிகிறது. 1928இல் திறந்த பாதை இது. மாகோவுக்கு அப்பால் இருப்பது ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்தால், ஒன்று ஒரு நிலையத்தில் ஒதுங்கி நின்றால்தான் மற்றது போகலாம். எதிரே வர வேண்டியது பிந்தினால், நேரத்துக்கு வந்ததும் சேர்ந்து பிந்தும். பயணிகள் ரயில் மட்டுமல்ல, மட்டக்களப்புக்கு எரிபொருள் கொண்டுவருகிற எண்ணெய்க் கோச்சியும் இதே தண்டவாளத்தில்தான் ஓடுகிறது.

சின்ன நிலையங்களில் நிலைய அதிபர் ஒரு பெரிய வளையத்தைச் சாரதியின் கையில் கொடுப்பதையும், சாரதி இன்னொன்றைக் கொடுத்துவிட்டுப் போவதையும் கவனித்துப் பாருங்கள். அந்த வளையத்தில் இருப்பதை டெப்லட் என்பார்கள். அடுத்த நிலையம் வரையான துண்டுக்குள் நுழைய அதுதான் அனுமதி. அது கைக்கு வராமல் எஞ்சின் நகரக் கூடாது. ஒரே துண்டுக்குள் இரண்டு ரயில்கள் முகத்துக்கு முகம் சந்திக்காமல் காப்பாற்றுவது இந்த ஏற்பாடுதான். “சிக்னல் இல்லை, ஆள் இல்லை, சும்மா நிற்கிறான்” என்று பெட்டிக்குள் யாராவது சத்தம் போட்டால் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

என் அனுபவத்தில் ஒரு கணக்கும் உண்டு. கால் மணி நேரம் பிந்திய கோச்சி வழியில் அதை ஈடுசெய்துவிடும். ஒரு மணி நேரம் பிந்தியது பெரும்பாலும் இன்னும் பிந்தும். அது தான் ஒதுங்க வேண்டிய இடத்தையும் நேரத்தையும் தவறவிட்டுவிட்டது, இனி மற்ற ரயில்களின் நேரத்துக்குத்தான் அது அசையும். ஆகவே மாகோவைக் கடக்கும்போது மணியைப் பாருங்கள். அங்கேயே பெரிதாகப் பிந்தியிருந்தால், வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.

3. யானை நடமாடும் பகுதியில் கோச்சி மெதுவாகப் போனால் முணுமுணுக்காதீர்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பலுகஸ்வெவ, ஹபரணை, கல்ஓயா, மின்னேரியா வரையிலான துண்டு காட்டுக்குள் போகிறது. மின்னேரியா, கவுடுல்ல என்ற இரண்டு தேசியப் பூங்காக்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வரட்சிக் காலத்தில், ஆடி ஆவணி தொடங்கி, குளத்து நீர் வற்ற வற்றப் புதுப் புல் முளைக்கும். அதைத் தேடி நூற்றுக்கணக்கில் யானைகள் அங்கே கூடும். அதைப் பார்க்க உலகத்தின் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். யானைகள் வழக்கமாக நடக்கிற வழிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு எங்கள் தண்டவாளம் போகிறது. யானைகளின் வழி முன்பே இருந்தது, தண்டவாளம் பிறகு வந்தது.

2018 செப்டெம்பரில் ஹபரணைப் பக்கம் ஒரு கர்ப்பிணி யானையும் இரண்டு குட்டிகளும் ரயிலில் அடிபட்டு இறந்தன. 2024 ஒக்டோபரில் மட்டக்களப்புக்கு எரிபொருள் ஏற்றி வந்த ரயில் மின்னேரியாப் பகுதியில் யானைக் கூட்டத்தோடு மோதி, இரண்டு யானைகள் இறந்தன, ரயிலும் தடம் புரண்டது. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி அதிகாலை, எங்கள் பாதையில் ஓடுகிற பயணிகள் ரயில் ஒன்று ஹபரணைப் பகுதியில் ஒரு யானைக் குடும்பத்தின் மீது மோதியது. ஆறு யானைகள் இறந்தன. பெட்டிகள் தடம் புரண்டன, பயணிகளுக்குக் காயம் ஏற்படவில்லை. அடுத்த தடவையும் அப்படியே தப்புவார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நூற்றுக்கணக்கான தொன் எடையோடு ஓடுகிற ரயில் பிறேக் போட்ட இடத்தில் நிற்காது, பல நூறு மீற்றர் ஓடித்தான் நிற்கும். இரவில், வளைவில், எஞ்சின் வெளிச்சம் யானையைக் காட்டுகிற நேரத்தில் தூரம் முடிந்துவிட்டிருக்கும். சாரதியின் கையில் இருக்கிற ஒரே வழி, அந்தத் துண்டு முழுவதும் மெதுவாகப் போவதுதான். 2025இல் நடந்ததன் பிறகு இரவு ரயில்களின் நேரங்களும் மாற்றப்பட்டன. அரை மணி நேரம் முன்னதாகக் கொழும்பு போவதற்காக ஒரு தாய் யானையும் அதன் குட்டியும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நீங்களும் நினைக்க மாட்டீர்கள்.

4. பழைய அட்டவணையை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டு அண்ணன் போன வருடம் போய் வந்த நேரம் இந்த வருடம் செல்லாது. உதயதேவியோ, புலதிசியோ, மீனகயாவோ, எந்த ரயிலில் போவதானாலும் முதல் நாள் 1919க்கு அழைத்துக் கேளுங்கள். அரசாங்கத் தகவல் நிலையம் அது, தமிழிலும் பதில் சொல்வார்கள். அல்லது நிலையத்துக்கே போய்க் கேளுங்கள். முகநூலில் யாரோ போட்டதைப் பார்த்துப் பயணத்தை முடிவு செய்ய வேண்டாம். வேலைநிறுத்தம் என்று பேச்சு அடிபட்டால், புறப்படுகிற அன்று காலையிலும் இன்னொரு தடவை கேளுங்கள்.

5. மாரி காலத்தில் பாதி வழியில் இறங்க நேரிடும் என்று எண்ணிக்கொண்டே ஏறுங்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும். 2011 ஜனவரி வெள்ளத்தை உங்களில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் நாட்டின் பல பகுதிகளில் தண்டவாளங்களின் அடியையே அரித்துக்கொண்டு போனது. மகாவலி பெருகினால் மனம்பிட்டி, வெலிக்கந்தைப் பக்கம் தாழ்ந்த நிலம் எல்லாம் நீருக்குள் போய்விடும். தண்டவாளத்தின் மேல் தண்ணீர் நின்றால், கீழே கல் இருக்கிறதா, மண் இறங்கிவிட்டதா என்று பார்க்காமல் ரயிலை விட முடியாது.

அப்படியான நாளில் கோச்சி பொலன்னறுவையோடு நின்றுவிடலாம். பொலன்னறுவை நிலையம் பழைய நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதாக நினைத்து ஓட்டோக்காரரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். நிலையம் இருப்பது கதுருவெலவில். மட்டக்களப்புப் பக்கம் வருகிற பஸ்களும் அங்கேயே கிடைக்கும். ஆனால் ரயிலை நிறுத்திய அதே வெள்ளம் றோட்டையும் மறித்திருக்கலாம். பஸ் ஏறுவதற்கு முன் அதைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். றோட்டும் இல்லையென்றால் நிலையத்திலேயே இரவைக் கழியுங்கள். வெள்ளத்துக்குள் இருட்டில் வான் பிடித்து வருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

6. பையில் தண்ணீர், ஒரு வேளைக்கு மேலதிகமாகச் சாப்பாடு, மருந்து, ரோர்ச் லைட், போனுக்கு மின்சாரம். பெட்டிக்குள் வடையும் கடலையும் வரும். நள்ளிரவில் காட்டுக்குள் நின்றால் அவர்களும் வர மாட்டார்கள். பால் கறி, தயிர் போட்ட சோற்றுப் பொதி வெக்கையில் பழுதாகிவிடும். புட்டும் சம்பலும் தாங்கும். நீரிழிவு உள்ள பெரியவர்கள் கூட வந்தால் அவர்களுடைய மருந்தும் இனிப்பும் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும், மேல் தட்டில் போட வேண்டாம்.

7. நிலையம் அல்லாத இடத்தில் கோச்சி நின்றால் கீழே இறங்காதீர்கள். காற்று வாங்கவோ, போன் பேசவோ, ஒன்றுக்குப் போகவோ வேண்டாம். அது யானைக் காடு. தண்டவாளத்து ஓரச் சரளைக் கல்லில் கால் புரளும். எஞ்சின் இழுக்கத் தொடங்கினால் ஓடி ஏற முடியாது. மிதிபலகையில் உட்கார்ந்து பயணம் செய்வதும் வேண்டாம்.

புனாணையில் நிற்க நேர்ந்தால், கூட வருகிற சிறுவர்களுக்கு அந்த ஊர்ச் சிறுத்தையின் கதையைச் சொல்லுங்கள். அந்த வட்டாரத்தில் மனிதரைக் கொன்று திரிந்த சிறுத்தையை 1924இல் ஷெல்டன் ஏகர் என்பவர் சுட்டுக் கொன்றார். அதைப் பாடம் பண்ணிக் கொழும்பு தேசிய நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். கொழும்பில் பொழுது கிடைத்தால் கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஜன்னலுக்கு வெளியே இருட்டாகத் தெரிகிற இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்று பிள்ளைகள் அறிய வேண்டும்.

மனம்பிட்டிப் பாலத்தில் மெதுவாகப் போகும்போதும் பார்க்க ஒன்று இருக்கிறது. 1922இல் கட்டிய அந்த இரும்புப் பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் லொறியும் ஒரே தளத்தில் போய் வந்தன. ஒன்று போக மற்றது காத்து நிற்கும். பக்கத்தில் றோட்டுக்கு வேறு பாலம் வந்தது 2007இல்தான். ஓட்டமாவடியிலும் அப்படித்தான் இருந்தது. அதற்கு நடுவே யுத்த காலத்தில் பல ஆண்டுகள் மட்டக்களப்புக்குக் கோச்சியே வராமல் இருந்தது. பொலன்னறுவை வரை போய் ஏற வேண்டும், அதுவரை வழியெல்லாம் சோதனைச் சாவடி. பிந்தி வந்தாலும் வருகிறதே என்று என் வயதுக்காரர் ஆறுதல் கொள்வது அதனால்தான். உங்களுக்கு அந்த ஆறுதல் போதாது, போதவும் கூடாது.

8. கேளுங்கள். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

கோச்சி கால் மணி நேரத்துக்கு மேல் ஒரு நிலையத்தில் நின்றால், இறங்கிப் போய் நிலைய அதிபரிடம் காரணம் கேளுங்கள். நடு வழி என்றால் கடைசிப் பக்கம் இருக்கிற காட் ஐயாவிடம் பெட்டிக்குள்ளால் ஆள் அனுப்பிக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் பதில் சொல்வார்கள். அவர்களும் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள்தான். கேட்டு அறிந்ததை உங்களோடு வைத்துக்கொள்ளாமல், பெட்டி முழுவதும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள். ஏறாவூரில் இறங்க வேண்டிய முஸ்லிம் அம்மாவுக்கும், வெலிக்கந்தையில் இறங்க வேண்டிய சிங்களப் பெரியவருக்கும் அந்தச் செய்தி தேவை.

பிந்துகிற செய்தி பல இடங்களில் சிங்களத்தில் மட்டும்தான் காதில் விழும். அதற்காக இரண்டு மூன்று சொற்களைக் கற்றுக்கொண்டு போங்கள். ‘பரக்குய்’ என்றால் பிந்துகிறது. ‘அவலங்கு’ என்றால் இரத்துச் செய்துவிட்டார்கள். ‘வேதிகாவ’ என்றால் மேடை. மேடை மாறிவிட்ட செய்தி விளங்காமல் வேறு மேடையில் உட்கார்ந்திருந்து கோச்சியைத் தவறவிட்ட கிழவிகளை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. மட்டக்களப்புக்குப் போகிற ரயிலைப் பற்றிய அறிவித்தல் தமிழில் வர வேண்டும் என்று கேட்பதற்கு நீங்கள் தயங்கத் தேவையில்லை. சிங்களம் கற்றுக்கொள்வது உங்கள் நன்மைக்கு. தமிழில் கேட்பது உங்கள் உரிமை. இரண்டையும் செய்யுங்கள்.

9. பிந்துகிற கோச்சியில் இருக்கை முழுவதும் உங்களுடையது அல்ல. பிள்ளைத்தாய்ச்சி, கைக்குழந்தைக்காரி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிறவர் நின்றுகொண்டிருந்தால் எழும்பி இடம் கொடுங்கள். தனியாக வருகிற பெண் பிள்ளைகள் ஒரு குடும்பத்தின் பக்கத்தில் போய் இருந்துகொள்ளுங்கள், “அக்கா, நானும் மட்டக்களப்புத்தான்” என்று சொன்னால் போதும். யாருக்காவது நெஞ்சு வலி, மூச்சு முட்டல் என்றால் அடுத்த நிலையத்துக்கு அம்புலன்ஸ் வரும்படி 1990க்கு அழையுங்கள். காட் ஐயாவிடமும் சொல்லுங்கள். அந்தச் சேவைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

10. மட்டக்களப்பு நிலையத்தில் இறங்கியதோடு பயணம் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். தண்டவாளம் இங்கே முடிந்துவிடுகிறது. எங்கள் வாவியோ ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம், கல்முனைப் பக்கம் வரை போகிறது. களுவாஞ்சிக்குடி, கல்லாறு, அக்கரைப்பற்று ஆட்களுக்கு இன்னும் பஸ் இருக்கிறது. வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரைக்காரருக்கு வாவியையும் கடக்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்கள் எந்த நேரமும் கடக்கலாம். மண்டூருக்குப் போகிறவர்கள் குருமன்வெளித் துறையில் பாதையை, அதாவது வாவியைக் கடத்திவிடுகிற மிதவையை, எதிர்பார்த்துத்தான் நிற்க வேண்டும். அந்தப் பாதை இரவு முழுக்க ஓடாது. கிண்ணையடியில் இறங்கி முருக்கன்தீவுக்குப் போகிறவர்களின் கஷ்டமும் அதுதான்.

பகல் இரண்டு மூன்று மணிக்கு வர வேண்டியது ஏழு மணிக்கு வந்தால், கொழும்பிலிருந்து வருகிற மற்றவருக்கு நாலைந்து மணி நேரத் தாமதம். மண்டூர்ப் பிள்ளைக்கு அது மறுநாள் காலை வரை. ஆகவே வாவிக்கு இந்தப் பக்கத்து எழுவான்கரையில் ஓர் இரவு தங்க ஒரு வீட்டைப் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பொலன்னறுவை தாண்டும்போது அவர்களுக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள். எழுவான்கரையில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரவில் பாதை போய்விட்டது என்று கதவைத் தட்டுகிற பிள்ளைக்குப் பாயும் ஒரு பிடி சோறும் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். அது விடுபட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. கடைசியாக, வீட்டுக்கு வந்து களைப்பாறிய பிறகு செய்ய வேண்டியது. எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது லண்டனில் இருக்கிறார்கள். அங்கே நிலத்தடி ரயில், போக்குவரத்து நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ள காரணத்தால் பதினைந்து நிமிடமோ அதற்கு மேலோ பிந்தினால், 28 நாட்களுக்குள் விண்ணப்பித்துக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நெடுந்தூர ரயில் ஒரு மணி நேரம் பிந்தினால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரம் பிந்தினால் 50 சதவீதமும் திருப்பித் தர வேண்டும் என்பது பொது விதி. ஜப்பானில் சில நிமிடம் பிந்தினாலே, வேலைத்தலத்திலும் பள்ளிக்கூடத்திலும் காட்டுவதற்கு ரயில் நிறுவனம் தாமதச் சான்றுத் துண்டு தருகிறது.

எங்கள் பாதையில் யானையும் வெள்ளமும் ஒற்றைத் தண்டவாளமும் இருக்கிறபோது, காசைத் திருப்பித் தா என்று நான் முதலில் கேட்க மாட்டேன். ஜப்பான் தருகிற அந்தத் துண்டைக் கேட்பேன். நேர்முகப் பரீட்சைக்குப் பிந்திப் போன பிள்ளை, ஆஸ்பத்திரியில் கிளினிக் திகதியைத் தவறவிட்ட நோயாளி, வேலைக்குப் பிந்திய சிற்றூழியர், இவர்களுக்கு அப்படி ஒரு கடதாசி பெரிய உதவி. நிலைய அதிபரின் கையொப்பமும் முத்திரையும் போதும். அதற்கு அரசாங்கத்துக்குப் பெரிய செலவும் இல்லை. பிந்துகிற செய்தி மூன்று மொழியிலும் சொல்லப்பட வேண்டும் என்பதையும் அதோடு கேட்பேன்.

டிக்கட்டை எறிந்துவிடாதீர்கள். திகதி, ரயிலின் பெயர், வர வேண்டிய நேரம், வந்த நேரம், என்ன காரணம் சொன்னார்கள், எந்த மொழியில் சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். அதைக் கொழும்பு 10இல் உள்ள புகையிரதத் திணைக்களத் தலைமையகத்துக்கு, பொது முகாமையாளர் பேருக்குத் தமிழில் கடிதமாக அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் எழுதினால் ஒரு கோப்புக்குள் போகும். இந்தப் பாதையில் போய் வருகிற பிள்ளைகள் எல்லாரும் எழுதினால் ஒதுக்கி வைக்க முடியாது. எழுதத் தெரியாத பெரியவர் பக்கத்து இருக்கையில் இருந்தால், அவருக்கும் சேர்த்து நீங்களே எழுதிக் கொடுங்கள்.